ஓரெழுத்தில் தடம் மாறிய ஆங்கிலச் சொற்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தொழிற்கூடங்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது நான் செய்த பிழையைச் சொல்லி இந்த இழையைத் தொடங்குகிறேன். உடையில் படிந்த தூசியை நீக்க அழுத்தக் காற்றைப் பயன்படுத்துவது பற்றிய வாக்கியம் அது. மூலத்தில் இருந்த வினைச்சொல் 'புரோஸ்க்ரைப்', அதாவது தடைசெய்தல். நான் வாசித்ததோ 'பிரிஸ்க்ரைப்', அதாவது இன்னது செய்க என்று விதித்தல். இரண்டுக்கும் மூன்றாம் எழுத்து மட்டுமே வேறு: முன்னதில் 'ஓ', பின்னதில் 'ஈ'. "கம்ப்ரெசர் காற்றால் உடையைச் சுத்தம் செய்யக் கூடாது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சுத்தம் செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் மூன்று முறை படித்தேன். தமிழ் வாக்கியத்தில் இலக்கணப் பிழையோ எழுத்துப் பிழையோ இல்லாததால் மூன்று முறையும் அது சரியாகவே தோன்றியது. மெய்ப்புப் பார்த்த மூத்தவர்தான் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் "கண்ணில் துகள் பாயாதா?" என்று எழுதியிருந்தார். அவர் மூலத்தைப் பார்க்கவில்லை. பட்டறையில் வேலை செய்து பழகியவர் என்பதால் பொருள் இடறுவதை அவரால் உணர முடிந்தது. அந்த மூன்று சொற்களைப் பார்த்த பிறகே ஆங்கில மூலத்தைத் திறந்து எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தேன்.

பின்னர் இரண்டு சொற்களின் வேரையும் தேடிப் பார்த்தேன். இரண்டிலும் 'எழுது' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையே இருக்கிறது. செய்ய வேண்டியதை முன்கூட்டியே எழுதித் தருவது ஒன்று. மருத்துவர் தரும் மருந்துச் சீட்டுக்கான ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்ததே. ஊரறிய எழுதி வைப்பது மற்றொன்று. கி.மு. 82இல் ரோமில் அதிகாரத்தைக் கைப்பற்றிய சுல்லா, தன் எதிரிகளின் பெயர்களைப் பொதுவிடத்தில் எழுதி வைத்தான். பட்டியலில் பெயர் ஏறியவருக்குச் சட்டத்தின் காப்பு போயிற்று, அவரைக் கொன்றவருக்கு வெகுமதியும் கிடைத்தது. எழுதுவதைக் குறித்த சொல் தடையைக் குறிக்கலானது இப்படித்தான். இதைப் படித்த நாள் முதல், சீட்டில் எழுதுவது ஒன்று, சுவரில் எழுதுவது ஒன்று என்று என் மனத்தில் பிரிந்து நிற்கின்றன.

பனியையும் பணியையும், அரத்தையும் அறத்தையும் மயங்கொலிச் சொற்கள் என்று பள்ளியிலேயே படித்து வந்தவர்கள் நாம். ஆங்கிலத்திலோ காது பிரித்துவிடும் சொற்களில்கூடக் கண் ஏமாறுகிறது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கணக்குப் பிரிவில் பணிபுரிபவர் எழுதியது:

என்னுடையது உயிருக்கு ஆபத்தானதன்று, மானத்துக்குத்தான். கடன் வாங்கியவர்களுக்கு அனுப்பும் கடிதத்தின் மாதிரிப் படிவத்தில், அசலைக் குறிக்கும் 'பிரின்சிபல்' என்ற சொல்லைக் கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' என்று எழுதிவிட்டேன். கணினியின் பிழைதிருத்தி இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே என்று பேசாமல் இருந்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம், ஒவ்வொரு மாதமும், வாடிக்கையாளர்களிடம் அவர்களுடைய கொள்கையில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர், "கொள்கையைத் தவணையில் திருப்பித் தரலாமா?" என்று பதில் எழுதியபோதுதான் விழித்துக்கொண்டேன்.

எனக்கு உதவியது தமிழ்தான். கல்லூரியின் தலைவரை 'முதல்வர்' என்கிறோம். வட்டிக்கு விட்ட தொகையை 'முதல்' என்கிறோம். முதன்மையானதற்கும் அதே அடிச்சொல்தான். ஆங்கிலத்தில் இந்த மூன்றுமே 'ஏ, எல்' என்று முடியும் சொல்லுக்கு உரியவை. தமிழில் 'முதல்' என்று தொடங்கக்கூடிய பொருளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஏ, எல்' போடுகிறேன். கொள்கை, நெறி, தத்துவம் என்றால் 'எல், ஈ'. இதுவரை இந்த வழி என்னைக் கைவிட்டதில்லை.

செவிலியர் ஒருவர் எழுதியது:

எங்கள் துறையில் இந்த மயக்கம் சிரிப்போடு முடிவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் வேறொரு மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்டு வந்த முதியவர் ஒருவரின் குறிப்பில் 'டிஸ்ஃபேசியா' என்று இருந்தது. பேச்சில் ஏற்படும் தடுமாற்றத்தைக் குறிக்கும் சொல் அது. ஆகவே, சுருக்கமாகப் பேச வேண்டும், படங்களைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று ஆயத்தமாகவே அவரிடம் சென்றேன். அவரோ தெளிவாக, முழு வாக்கியமாக, தாகமாக இருக்கிறது என்றார். மகள் தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோய்விட்டார். இவ்வளவு நன்றாகப் பேசுபவருக்கு ஏன் இந்தச் சொல்லை எழுதினார்கள் என்ற ஐயம் எழுந்த அந்த நொடியில் "அம்மா, கொஞ்சம் பொறுங்கள்" என்று குவளையை வாங்கி வைத்தேன். பரிசோதித்துப் பார்த்ததில், எழுதப்பட்டிருக்க வேண்டிய சொல் 'டிஸ்ஃபேஜியா', அதாவது விழுங்குவதில் சிரமம் என்று தெரிந்தது. அத்தகையவருக்குக் கொடுக்கும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும்.

இரண்டும் கிரேக்க வேருடையவை. உண்பதைக் குறிக்கும் வேரில் 'ஜி', பேசுவதைக் குறிக்கும் வேரில் 'எஸ்'. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டு சிக்கல்களும் சேர்ந்தே வரலாம் என்பதால், இங்கே சூழலை வைத்து ஊகிப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் 'இலியம்' என்றே பெயர். குடலுக்கு நடுவில் 'ஈ', எலும்புக்கு 'ஐ' என்பதைத் தவிர வேறுபாடு கிடையாது.

மருந்துப் பெயர்களில் இதற்கென்றே ஏற்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001இல், குழப்பம் தரும் பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் கேப்பிட்டல் எழுத்தில் அச்சிடும் முறையை முன்வைத்தது. பிரெட்னிசோனில் 'சோன்' பெரிதாக இருக்கும். பிரெட்னிசோலோனில் 'லோன்' பெரிதாக இருக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பிரிலின்டாவும் மனச்சோர்வுக்கான பிரின்டெலிக்ஸும் மாற்றி வழங்கப்படுவதாக 2015இல் எச்சரிக்கை வெளியானது. மறு ஆண்டே பின்னதன் பெயரை டிரின்டெலிக்ஸ் என்று மாற்றினார்கள். கவனமாக இருங்கள் என்று வாசிப்பவரிடம் சொல்வதோடு நில்லாமல் சொல்லையே மாற்றிய இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

நூலகத்தில் பணிபுரிபவர் எழுதியது:

சிறு குறிப்பு மட்டும். நின்ற நிலையைக் குறிப்பதும் எழுதுபொருளைக் குறிப்பதுமான இரண்டு 'ஸ்டேஷனரி'களில் நான் நெடுங்காலம் திணறினேன். இடைக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரையே 'ஸ்டேஷனர்' என்றார்கள். ஆக, எழுதுபொருளும் நிலையாக நின்றதிலிருந்து வந்ததுதான். என்வலப்பின் முதல் எழுத்தாகிய 'ஈ' எழுதுபொருளுக்கு என்று வைத்துக்கொண்ட பின் எனக்குச் சிக்கல் இல்லை.

ஆங்கில ஆசிரியர் எழுதியது:

மேலே உள்ளவர்களிடமிருந்து ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். மயங்கும் சொற்களை இணை இணையாக அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்வதால் மயக்கம் தீர்கிறது என்று தோன்றவில்லை. அதுவரை குழம்பாதவர்களும் குழம்பத் தொடங்குவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். இழத்தலையும் தளர்வையும் குறிக்கும் இரண்டு சொற்களையும் ஒரே நாளில் கரும்பலகையில் எழுதிய ஆண்டில், இரண்டையும் மாற்றி எழுதிய மாணவர்கள் முந்தைய ஆண்டுகளைவிட அதிகமாக இருந்தார்கள். அதன்பின், ஒன்றை நடத்திச் சில வாரம் புழங்கவிட்டே மற்றொன்றைத் தொடுகிறேன்.

நம் எழுத்துமுறையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அந்த இரண்டு சொற்களையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'லூஸ்' ஆகிவிடுகின்றன. அறிவுரையும் அறிவுறுத்தலும் 'அட்வைஸ்'. விலையும் பரிசும் 'பிரைஸ்'. ஆங்கிலத்தின் 'இசட்' ஒலிக்கு நம்மிடம் தனி எழுத்து இல்லாததால் காதிலும் அது பதிவதில்லை. மாணவர்களை இரண்டு விரல்களைத் தொண்டையில் வைத்துச் சொல்லச் செய்கிறேன். இழத்தல், அறிவுறுத்தல், பரிசு ஆகியவற்றின் இறுதி ஒலியில் தொண்டை அதிரும். தளர்வு, அறிவுரை, விலை ஆகியவற்றில் அதிராது. முதல் முறை அதிர்வை உணர்ந்த பையன் ஒருவன், தொண்டையில் வண்டு இருப்பதாகச் சொன்னான். (விலையும் பரிசும் பழைய பிரெஞ்சில் ஒரே சொல்லாக இருந்தவை என்பதை, அந்த வண்டு நன்றாகப் பழகிய பிறகே சொல்கிறேன்.)

மொழிபெயர்ப்பாளர் மீண்டும் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னது எனக்கும் பொருந்துகிறது. கையேட்டில் நேர்ந்த பிழைக்குப் பின் சில மாதங்கள் எல்லாச் சொற்களையும் சந்தேகிக்கத் தொடங்கினேன். அந்த வேகத்தில், எரிபொருள் கலன் ஒன்றின் எச்சரிக்கையில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்ததைக் கண்டு, முன்னே வரும் 'இன்' எதிர்மறைதானே என்று "தீப்பற்றாதது" என எழுதப் போய்விட்டேன். உண்மையில் அந்த 'இன்' மறுப்பு அன்று. அச்சொல்லும் 'ஃப்ளேமபிள்' என்பதும் எளிதில் தீப்பற்றும் என்ற ஒரே பொருளையே தருகின்றன. இந்தக் குழப்பத்தை அஞ்சியே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தையே பயன்படுத்துமாறு வலியுறுத்தத் தொடங்கியது. உருவம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்களுக்கு அஞ்சிய நான், உருவம் மாறியும் பொருள் மாறாத சொல்லிடம் ஏமாறப் பார்த்தேன்.

இப்போது எந்தக் கோப்பையும் அனுப்புவதற்கு முன், என்னை ஏமாற்றிய ஏழு சொற்களைத் தேடுபெட்டியில் ஒவ்வொன்றாக இட்டு, அவை வரும் வாக்கியங்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிடுகிறேன். சென்ற வாரம் 'புரோஸ்க்ரைப்' ஓரிடத்தில் அகப்பட்டது. "தலைக்கவசம் அணிவதை விதிகள் தடைசெய்கின்றன" என்று ஆங்கில மூலத்தை எழுதியவரே சறுக்கியிருந்தார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறியிட்டுத் திருப்பி அனுப்பினேன். அன்று மாலையே 'ஓ' போய் 'ஈ' வந்தது.