சைக்கிள்ல வேலைக்குப் போகும்போது விபத்து: ஆஸ்பத்திரி பில்லை முதல்ல எதுல போடுறது? (மலேசியா, பினாங்கு)

கெலுகோர்_சைக்கிள்:
தம்பிக்காகக் கேக்கிறேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில டெக்னிஷியன். காலை 6.40க்கு ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவுல சைக்கிள்ல வேலைக்குப் போயிட்டிருந்தான். பின்னால வந்த காடி (கார்) சிக்னல் போடாம இடது பக்கம் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள்ள திரும்பி இடிச்சிருச்சு. காறை எலும்பு முறிஞ்சு விலகியிருக்கு, பிளேட் வைக்கணும்கிறாங்க. இப்ப தனியார் ஆஸ்பத்திரியில இருக்கான். உத்தேசச் செலவு 23,000 வெள்ளி (ரிங்கிட்) சொன்னாங்க. கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டுல (ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் அட்டை) 10,000 வரைதான். அவன் சொந்த மெடிக்கல் கார்டுல 10 விழுக்காடு கோ-பேமெண்ட் (பில்லுல நாமே கட்டுற பங்கு) இருக்கு. காடிக்காரர் "500 வெள்ளி தர்றேன், ரிப்போர்ட் வேண்டாம்"னு சொல்றார். சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

சொக்சோ_கவுண்டர்:
அந்த 500ஐத் தொடாதீங்க. முதல்ல போலீஸ் ரிப்போர்ட். விபத்தில் சிக்கின ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள்ள புகார் செய்யணும்னு 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டமே சொல்லுது. அது அவர் பாடு. தம்பி சார்பா குடும்பத்தார் இன்னைக்கே பக்கத்து ஸ்டேஷன்ல போடலாம், அங்கேர்ந்து டிராஃபிக் பிரிவுக்குப் போயிடும். தம்பி வெளிய வந்ததும் தன் வாக்குமூலத்தைத் தனியா கொடுக்கணும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி காடி நம்பரையும், எந்தப் பக்கம் இடிச்சதுங்கிறதையும் ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க. பின்னால வர்ற எல்லாக் கிளேமும் அந்த வரியிலதான் நிக்கும்.

அடுத்து சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். சைக்கிளா மோட்டாரா பஸ்ஸான்னு அது பார்க்கிறதில்ல. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவுல நடந்திருந்தா வேலை விபத்துக் கணக்குல வரும். ஒரே சிக்கல், வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக வழி விலகியிருக்கக்கூடாது. அதனால வழக்கமான பாதையை ஒரு வரைபடமா வரைஞ்சு, எந்த இடத்துல இடிச்சதுன்னு குறிச்சு வையுங்க. ஃபைலுக்கு அது தேவைப்படும். முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள சொக்சோவுக்குத் தெரிவிக்கணும், போராங் (படிவம்) 21 அதுக்குத்தான். எச்.ஆர். "இது ரோடு விபத்து, நம்ம வேலை இல்ல"ன்னு ஒதுங்கினா ஒத்துக்காதீங்க. அன்னைக்கு அவன் ஷிஃப்ட் எத்தனை மணிக்குன்னு காட்டுற வருகைப் பதிவை எச்.ஆர்.கிட்டயே வாங்கி வைங்க.

எம்.சி. (மருத்துவ விடுப்பு) விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாம இருந்தா தற்காலிக இயலாமைப் பணம் கிடைக்கும். கணக்கிடப்படுற தினச் சம்பளத்துல 80 விழுக்காடு. கணக்குல எடுக்குற மாதச் சம்பள உச்சம் அக்டோபர் 2024லேர்ந்து 6,000 வெள்ளி. ஆனா இந்தத் தனியார் பில்லை சொக்சோ முழுசாக் கட்டிடும்னு நம்பிடாதீங்க. அவங்க சிகிச்சை வசதி அவங்க பட்டியல்ல இருக்கிற பேனல் கிளினிக்கையும் அரசாங்க ஆஸ்பத்திரியையும் வச்சுத்தான்.

எம்.சி. முடிஞ்ச பிறகும் தோள் முழுசா மேல வரலைன்னா நிரந்தர இயலாமைக்கு மெடிக்கல் போர்டு கேட்கலாம். கடைசி எம்.சி. நாள்லேர்ந்து 12 மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். நிறைய பேர் கோட்டைவிடுறது இங்கதான்.

கிளேம்_மேசை:
மெடிக்கல் கார்டு பக்கம் நான் சொல்றேன்.

அட்மிஷன்ல டாக்டர் நிரப்புற ஃபாரத்தை ஒரு கண் பாருங்க. விபத்துத் தேதி, நேரம், எப்படி நடந்துச்சு, மூணும் போலீஸ் ரிப்போர்ட்டோட ஒத்துப்போகணும். வெறும் "சைக்கிளிங்"னு எழுதினா, பந்தயமா பயிற்சியான்னு கேள்வி வந்து ஜி.எல். (பில்லைக் கட்டுறோம்னு இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குத் தர்ற உத்தரவாதக் கடிதம்) ஒரு நாள் தள்ளிப்போகும், ஏன்னா வண்டிப் பந்தயம் பெரும்பாலான பாலிசியில விலக்கு. "வேலைக்குச் செல்லும் வழியில் காடி மோதியது"ன்னு முழுசா எழுதச் சொல்லுங்க. நோய்க்கு இருக்கிற 30 நாள் காத்திருப்பு விபத்துக்கு வழக்கமா கிடையாது.

10 விழுக்காட்டை இப்பவே கட்டாதீங்க. பேங்க் நெகாரா (மத்திய வங்கி) விதிமுறைப்படி அவசரச் சிகிச்சைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கும் கோ-பேமெண்ட் விலக்கு. ஆனா எலும்பு முறிஞ்சு நாலு நாள் கழிச்சு ஆபரேஷன்னா "இது அவசரம் இல்ல"ன்னு வாதிடுவாங்க. அவசரப் பிரிவு வழியா அட்மிட் ஆனதை டாக்டர் ஃபாரத்துல எழுதியிருக்காரான்னு பாருங்க.

ரெண்டு கார்டு இருந்தா ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் வாங்க முடியாது. முதல்ல கம்பெனி கார்டுல ஜி.எல். போடுங்க, மீதியைச் சொந்தக் கார்டுல போடலாம். சில ஆஸ்பத்திரி ஒரே அட்மிஷனுக்கு ரெண்டு ஜி.எல். ஏத்துக்காது. அப்ப மீதியைக் கையிலேர்ந்து கட்டி, கம்பெனி இன்ஷூரன்ஸ் எவ்வளவு கட்டுச்சுங்கிற கடிதம், வரிவரியான பில், ரசீது இந்த மூணையும் வச்சுச் சொந்தக் கார்டுல கிளேம் பண்ணணும். வரிவரியான பில்லைக் கேட்டு வாங்குறது நோயாளி உரிமை. டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்துல உச்சவரம்பு உண்டு, வார்டு, மருந்து, சாமான்களுக்குக் கிடையாது. பில் வீங்குறது அந்தப் பக்கம்தான். கைத்தாங்கல் பட்டை, பிரேஸ் மாதிரி சாமான்களைப் பல கார்டு தள்ளிடும்.

கிளேமை நிராகரிச்சா இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல இறுதி முடிவு வாங்குங்க. அது வந்த 6 மாசத்துக்குள்ள எஃப்.எம்.ஓ.எஸ். (பேங்க், இன்ஷூரன்ஸ் புகாரைத் தீர்க்கிற அமைப்பு) கிட்ட கொண்டுபோகலாம். 2025 ஜனவரியிலேர்ந்து பழைய ஓ.எஃப்.எஸ். வேலையைப் பார்க்கிறது இதுதான்.

கெலுகோர்_சைக்கிள்:
நன்றி அண்ணே. இன்னொண்ணு. ரிப்போர்ட் போட்ட அன்னைக்கே ஒருத்தர் வார்டுக்கு வந்து "கேஸ் நாங்க பார்த்துக்கிறோம், ஒரு காசும் வேண்டாம்"னு வக்காலத்துல கையெழுத்துக் கேட்டார். ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமான்னும் யோசிக்கிறோம்.

பழைய_கிளார்க்:
வார்டுக்கே வர்றவர் டவுட். கையெழுத்துப் போட வேண்டாம், ஐ.சி. (அடையாள அட்டை) நகலையும் ரிப்போர்ட் நகலையும் கொடுக்க வேண்டாம். லாயரை நீங்களே போய்ப் பாருங்க, கட்டணம் என்னன்னு எழுதி வாங்குங்க.

மாத்துறதைப் பத்தி. குடிமகனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி மூணாம் வகுப்பு வார்டு நாளைக்கு 3 வெள்ளி. பிளேட்டும் ஸ்குரூவும் அதுல சேராது, தனியா வாங்கச் சொல்லுவாங்க. சொக்சோ கேஸ்னு முதல்லயே சொல்லிட்டு, அந்தச் செலவைப் பத்தி அங்கே சமூகநலப் பிரிவுல கேளுங்க. தலைக்காயக் கேஸ்கள் முன்னால போகும், அதனால ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கணும். காடிக்காரர் இன்ஷூரன்ஸ் மேல கேஸ் போகும்போது "ஏன் தனியார்?"னு எதிர்த் தரப்பு நிச்சயம் கேட்கும். காத்திருப்பு எத்தனை நாள்னு அரசாங்க ஆஸ்பத்திரி சொன்னது எழுத்துல இருந்தா பதில் கையிலயே இருக்கும்.

காடி நம்பரை வச்சு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனின்னு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) மூலமா தேடலாம். இன்ஷூரன்ஸே இல்லாத காடின்னா, அதுல காயம்பட்டவங்களுக்கு உதவ எம்.ஐ.பி.ன்னு ஒரு அமைப்பு இருக்கு. வழக்குப் போட 6 வருஷம் அவகாசம், ஆனா ஆதாரம் அத்தனை நாள் நிக்காது. பெட்ரோல் ஸ்டேஷன் கேமராப் பதிவு சில நாள்ல அழிஞ்சு மேல பதிவாகிடும். இன்னைக்கே மேனேஜர்கிட்ட எடுத்து வைக்கச் சொல்லுங்க, விசாரணை அதிகாரிகிட்டயும் சொல்லுங்க. பிறகு போலீஸ்ல விபத்து இடத்தோட ரஃப் ஸ்கெச்சும் அதோட விளக்கக் குறிப்பும், விசாரணை முடிவும் விண்ணப்பிச்சு வாங்கணும். 6.40க்கு இருட்டு முழுசா விலகியிருக்காது. பின் லைட் எரிஞ்சுச்சான்னுதான் முதல் கேள்வி வரும். லைட் இல்லைன்னா பழியில ஒரு பங்கு தம்பி மேல ஏறும், தொகை குறையும்.

மெடிக்கல் கார்டு பில் கட்டிருச்சுங்கிறதுக்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது. 1956 சிவில் சட்டம் 28ஏ அதைச் சொல்லுது. அசல் பில்லெல்லாம் இன்ஷூரன்ஸுக்குப் போறதால ஒவ்வொண்ணுக்கும் முத்திரை போட்ட நகல் ஒரு செட் எடுத்து வைங்க.

சைக்கிளைத் தூக்கிப் போடாதீங்க, பழுதும் பார்க்காதீங்க. வளைஞ்ச ஃபோர்க், கீறின ஹெல்மெட் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அட்ஜஸ்டர் (இன்ஷூரன்ஸுக்குச் சேதத்தை மதிப்பிடுறவர்) வந்து பார்க்கணும். கடையில எழுத்துல விலைப்பட்டியல் வாங்குங்க. கார்பன் ஃபிரேம்னா உள்விரிசல் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்க, வெளிய பெயிண்ட்ல ஒண்ணுமே தெரியாது.

கெலுகோர்_சைக்கிள்:
கார்பன் இல்ல, அலுமினியம்தான். பின் லைட் இன்னும் சைக்கிள்லயே மாட்டியிருக்கு, அமுக்கினா எரியுது. இப்பவே வீடியோ எடுத்து வைக்கிறேன்.

பழைய_கிளார்க்:
கழட்டாம எடுங்க. ஃபிரேம் நம்பரும் தெரியட்டும்.