புதுப்பிப்பு: டோர்டோன் மேடுகளும் என் பழைய கியரும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பிரான்சின் டோர்டோன் ஆற்றுப் பக்கம் சைக்கிளில் போகிறேன், மேடேற முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் 25 பல் போதுமா என்று. பாதிப் பேர் "முழங்கால் போய்விடும், முன்னால் 34-க்கு மாற்று" என்றீர்கள். மாற்றினேன். பின்னால் 32. முன்பு பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். இப்போது ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

சார்லா ஊரிலிருந்து கிளம்பி, ஆற்றோரக் கிராமங்களான பெய்னாக், லா ரோக் கஜாக் வரை சுகமான பாதை. அப்புறம் டோம். ஆற்றுக்கு மேலே 150 மீட்டர் உயரப் பாறையில், 1281-ல் கட்டத் தொடங்கிய கோட்டை ஊர். ஏற்றத்தில் பாதி வழியில் செயின் உள்பக்கம் கழன்றது. தப்பு என்னுடையதே: சின்னப் பல்சக்கரம் மாட்டினால் செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் முன் டிரெயிலரையும் (derailleur) இறக்க வேண்டும், நான் இறக்கவில்லை. வால்நட் மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த காய்களுக்கு நடுவே அதைச் சரிசெய்தேன். காயின் பச்சைத் தோலைத் தொட்ட விரல்களில் கறுப்புக் கறை; கிரீஸ் போய்விட்டது, இது நாலு நாளாகியும் போகவில்லை.

வழியில் குடிதண்ணீர் எங்கே பிடிப்பது என்று கேட்டவருக்கு: மதியம் கிராமக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கல்லறைத் தோட்டக் குழாய்தான் கைகொடுத்தது. 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முழங்கால்? சரியாகத்தான் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்த கைதான் வலிக்கிறது.