பத்தமடையில் நேரடியாகப் பாய் வாங்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தை மாதம் தங்கைக்குத் திருமணம். மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாயைச் சீராகக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, நூலைப்போல் மெலிதாகக் கிழித்து, 100 கவுண்டுக்கும் மேல் (கவுண்ட் என்பது நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கான அளவு) கையால் நெய்கிறார்களே, அந்தப் பட்டுப் பாய்தான் வேண்டும். விசைத்தறிப் பாய் வேண்டவே வேண்டாம். கடைகளில் காட்டியதில் எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து நெய்கிறார்கள். பணம் இடைத்தரகரிடம் நின்றுவிடாமல் அவர்கள் கைக்கே போய்ச் சேர வேண்டும். சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்து நண்பர்களே, கூட்டுறவுச் சங்கத்தை அணுகுவதா, மகளிர் குழுவையா? எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும்? முன்பணம் எவ்வளவு கேட்பார்கள்? வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.