ஓட்டினால் ஆர்டுயினோ போர்ட் காணாமல் போகிறது, அவசரம்

பெருந்துறைப் பையன்:
வணக்கங்க. வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பையும் ஒரு வெப்கேமராவையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரோபோ செய்திருக்கிறேன். ஓட்டினால், மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிற ஆர்டுயினோ போர்டின் யூ.எஸ்.பி. போர்ட் லேப்டாப்பில் காணாமல் போய்விடுகிறது, கேமரா படமும் அப்படியே நின்றுவிடுகிறது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினால்தான் மறுபடி வரும். புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது, பத்துத் தடவை பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும்.

நொய்யல் கரை:
என்ன மோட்டார், என்ன டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற போர்டு), என்ன பேட்டரி? எதுவுமே சொல்லாமல் எப்படிங்க சொல்வது. கேமராவும் ஆர்டுயினோவும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் இருந்தால் ஹப்பைக் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஹப்தான் உயிரை வாங்கியது.

சர்க்யூட் வாத்தியார்:
பேட்டரி வோல்டேஜ் இறங்குகிறது, வேறொன்றும் இல்லை. இதை நான் இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த பிறகு ரோபோவுக்கு வரலாம். அதோடு, லேப்டாப்பை ஏன் சுமக்க வேண்டும்? 2 கிலோ வீண் பாரம். ராஸ்பெர்ரி பை என்கிற கையளவு கம்ப்யூட்டரை வைத்தால் இந்த வம்பே கிடையாது.

கோபி வயல்:
மோட்டார் முனை இரண்டுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்துப் பற்றவையுங்கள். மோட்டாருக்குள் இருக்கிற பிரஷ்ஷில் வருகிற பொறிதான் யூ.எஸ்.பி.யைக் கெடுக்கும். கேபிளையும் மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

நொய்யல் கரை:
வாத்தியார் அண்ணா, 2010இல் வில்லோ கராஜ் என்கிற ரோபோ ஆய்வுக்கூடத்தில் உருவான டர்டில்பாட் ரோபோவே ஐரோபாட் கிரியேட் என்கிற சக்கர வண்டி மேல் ஒரு சின்ன லேப்டாப்பும் கினெக்ட் கேமராவும் ஏற்றியதுதான். திரை, வைஃபை, தனி பேட்டரி எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கிறது. கையில் இருப்பதை விட்டுவிட்டுக் காசு போட்டு வாங்கச் சொல்வது நியாயமா?

சர்க்யூட் வாத்தியார்:
அன்றைக்கு ராஸ்பெர்ரி பையே கிடையாது, 2012இல்தான் வந்தது. அந்தக் காரணம் இன்றைக்குச் செல்லாது.

நொய்யல் கரை:
பைக்கு எஸ்.டி. கார்டு வேண்டும், 5 வோல்ட் கன்வெர்ட்டர் வேண்டும், நிரல் எழுதும்போது ஒரு திரையும் வேண்டும். படிக்கிற பையன்களிடம் அவ்வளவு காசு ஏதுங்க?

பெருந்துறைப் பையன்:
மன்னிச்சுக்குங்க, காலேஜில் இருந்தேன். மோட்டார் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார் இரண்டு. டிரைவர் பி.டி.எஸ். 7960 இரண்டு. 12 வோல்ட் 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி, புதுசு. இரும்பு ஆங்கிளில் வெல்டிங் செய்த சட்டம், ஹப் இல்லை. கெப்பாசிட்டர் வைத்தும் அதேதான். சொல்ல மறந்துவிட்டேன், நின்ற இடத்திலேயே வட்டமடித்தால் ஒன்றும் ஆவதில்லை, நேராகப் போனால்தான் போர்ட் போகிறது. இடது மோட்டார் போல்ட் பக்கம் ஒருமுறை சின்னதாகப் பொறி வந்தது.

வைண்டிங் பட்டறை, கணபதி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் கண்ணு. பேட்டரிதான் காரணமென்றால் வட்டமடிக்கும்போதே படுத்திருக்கும், தாங்கலுக்கு வைத்த காஸ்டர் சக்கரம் அப்போதுதான் தரையில் அதிகம் இழுக்கும்.

கார் வைப்பர் மோட்டார் பலவற்றில் பாடிதான் நெகட்டிவ். காரில் எல்லாம் பாடி எர்த் என்பதால் அப்படிச் செய்திருப்பார்கள். உன் மோட்டார் இரண்டும் எதிரெதிராகப் பார்த்து நிற்கின்றன, அதனால் வண்டி நேராகப் போக ஒன்றுக்கு நேராகவும் மற்றதற்குத் தலைகீழாகவும் கரண்ட் கொடுக்கிறாய். அப்போது ஒரு பாடியில் 12 வோல்ட், இன்னொரு பாடியில் 0, நடுவில் உன் இரும்புச் சட்டம். முழு ஷார்ட். வட்டமடிக்கும்போது இரண்டு பாடியும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் தப்பிக்கிறது. டிரைவர் எரியாததற்குக் காரணம், அந்தச் சிப் 43 ஆம்பியர் வாக்கில் தானே கரண்ட்டை அடக்கிக்கொள்ளும். அந்த அடிதான் கிரவுண்ட் வழியாக யூ.எஸ்.பி.க்கு ஏறுகிறது.

மோட்டாரைச் சட்டத்திலிருந்து கழற்றி, மீட்டரைக் கண்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, ஒரு முனையைப் பாடியிலும் இன்னொன்றை ஒவ்வொரு ஒயரிலும் வை. பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு வை. ஒரு ஒயரில் ஓமே (தடையே) காட்டாமல் தெளிவாகப் பீப் வந்தால் இதேதான். மோட்டாரைப் பிளைவுட்டில் பிடித்து, பிளைவுட்டை வேறு போல்ட்டால் சட்டத்தில் பிடி. ஒரு போல்ட்டும் இரண்டையும் சேர்த்துத் தொடக் கூடாது. கரண்ட் கடத்தாத ஹைலம் ஷீட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கமாக வட்டமடிக்கும்போது சட்டம் முழுக்க 12 வோல்ட் நிற்கும், அதனால் இதை முடிக்கும்வரை லேப்டாப்பைச் சட்டத்தில் வைக்காதே. பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் போடு.

சர்க்யூட் வாத்தியார்:
பாடி எர்த் விஷயம் சரிதான். இருந்தாலும் 7 ஏ.ஹெச். இதற்குப் போதாது.

கோபி வயல்:
பவர் விண்டோ மோட்டாராக இருந்தால் பெரும்பாலும் இரண்டு ஒயரும் தனியாக வரும், அடுத்த முறை அதைத் தேடிப் பாருங்கள்.

பெருந்துறைப் பையன்:
அண்ணா, இரண்டு மோட்டாரிலும் பீப் வந்ததுங்க. பிளைவுட்டில் ஏற்றிவிட்டேன். ஹாஸ்டல் வராந்தா முழுக்க நேராக ஓடியது, போர்ட் ஒருமுறைகூடப் போகவில்லை. ரொம்ப நன்றிங்க.

வைண்டிங் பட்டறை, கணபதி:
ஃப்யூஸ் போட்டாயா கண்ணு?