வாத்துகள் வருகின்றன, சுற்றுகின்றன, இறங்காமல் போகின்றன: எங்கே தப்பு செய்கிறேன்?

சேற்றுக்கால்:

வணக்கம். வாத்து வேட்டையில் இது எனக்கு இரண்டாவது பருவம். உரிமம், பருவ நாட்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்ற கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, வாத்துகள்தான் சரியாக இல்லை. தொடர்ந்து நான்கு விடியற்காலை போய்விட்டேன், நான்கு நாளும் ஒரே கதை. கூட்டம் வருகிறது, நாங்கள் தண்ணீரில் மிதக்கவிட்ட வாத்துப் பொம்மைகளைப் பார்த்து உயரத்தைக் குறைக்கிறது, ஒரு சுற்று சுற்றுகிறது, இரண்டாவது சுற்றில் எங்கள் பக்கம் வரும்போது தேள் கொட்டியது மாதிரி படபடவென்று மேலே ஏறிப் போய்விடுகிறது. 60 மீட்டருக்குக் கீழே ஒன்றுகூட வரவில்லை.

விவரம்: சின்ன ஏரி, கரையெல்லாம் நாணல். மிதக்கும் பொம்மைகள் 24, அதில் 18 மல்லார்ட் வாத்து, 6 கிளுவை வாத்து வடிவம். நான், நண்பர், அவருடைய நாய். துப்பாக்கி 12 போர் (குழலின் அகல அளவு), மூன்று அங்குலத் தோட்டா, உள்ளே 2ஆம் எண் எஃகு ரவை (சிறு உருண்டைகள்), ஃபுல் சோக் (ரவை அதிகம் சிதறாதபடி குழல் முனையை நன்றாக இறுக்கும் குறுகல்). வாத்துக் குரலில் அழைக்கிற ஊதலை ஊதுகிறேன், அவை போகத் தொடங்கினால் இன்னும் பலமாக ஊதுகிறேன்.

என் ஊதல்தான் காரணம் என்கிறார் நண்பர். சிறகு சுற்றும் மின்பொம்மை ஒன்று வாங்கிவிடு, எல்லாம் சரியாகும் என்கிறார் இன்னொருவர். காசைப் போடுவதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் நாள் ஆத்திரத்தில் போகிற கூட்டத்தைச் சுட்டேன். ஒன்று சிறகில் அடிபட்டு நாணலுக்குள் விழுந்தது. ஒரு மணி நேரம் நாயோடு தேடியும் கிடைக்கவில்லை.

கோரைப்புல்:

பொம்மை, ஊதல் எல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லுங்கள்: காற்று எந்தப் பக்கமிருந்து? சூரியன் எந்தப் பக்கம்? நீங்கள் ஒளிந்திருக்கிற மறைவுக்கு மேலே ஏதாவது மூடல் உண்டா? அவை தலைக்கு மேல் வரும்போது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சேற்றுக்கால்:

மேற்குக் கரையில் கிழக்கே பார்த்து உட்காருகிறோம். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது முதுகில். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால் காற்று நமக்கு முதுகில் இருக்க வேண்டும் என்று படித்தேன். சூரியன் நேராக முகத்தில் அடிக்கிறது. மேலே மூடல் எதுவும் இல்லை, நாணலை வெட்டி முன்னால் மார்பளவுக்குக் கட்டியிருக்கிறோம். எங்கே பார்ப்பேன்? வாத்தைத்தான் பார்ப்பேன், அதற்குத்தானே அந்தக் குளிரில் போய் உட்காருகிறேன்!

கோரைப்புல்:

விடை கிடைத்துவிட்டது. விளக்கத்தைக் கிழவாத்து ஐயா சொல்லட்டும், அவருக்குப் பிடித்த பாடம் இது.

கிழவாத்து:

தம்பி, காற்று முதுகில் இருக்க வேண்டும் என்று படித்தது தப்பில்லை. ஆனால் அது சுடுகிறவனுக்கு வசதி, ஒளிந்திருக்கிறவனுக்கு வினை. காற்று உன் முதுகில் இருந்தால் வாத்து உன் மூஞ்சியைப் பார்த்தே இறங்க வேண்டும். கடைசி நூறு மீட்டர் முழுக்க அதன் கண் முன்னால் இருப்பது பொம்மை இல்லை, நீ. அதுவும் காலை வெயில் நேராக அடிக்கிற முகம், கண்ணாடி வைத்தது மாதிரி பளிச்சென்று தெரியும். முகத்துக்கு வலை போட்டிருந்தாலும் நிமிர்ந்து பார்த்தால் அசைவு தெரியும். வாத்துக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது, தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட சுற்று முழுவதும் அதற்குத் தெரியும். உன்னைத் தாண்டிப் போய்விட்டது, இனி பார்க்கலாம் என்று நீ தலையைத் தூக்குகிறாயே, அப்போதும் அது உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது சுற்றில்தான் மிரள்கிறது என்றாயே, அது பெரிய தடயம். பொம்மை பிடிக்காவிட்டால் தூரத்திலேயே விலகிப் போயிருக்கும், உயரத்தைக் குறைத்தே இருக்காது. ஊதல் பிடிக்காவிட்டால் ஊதின உடனே தெரிந்திருக்கும். கீழே வந்து, சுற்றி, உங்கள் பக்கம் வரும்போது மிரள்கிறது என்றால் அது மறைவுக்குள் எதையோ பார்த்துவிட்டது.

என்ன செய்யலாம்? கரையை மாற்று. காற்று மேற்கிலிருந்து என்றால் தெற்குக் கரையில் வடக்கே பார்த்து உட்கார். குளிர்காலச் சூரியன் உன் வலது தோளுக்குப் பின்னால் போய்விடும், நாணலின் நிழல் உன் மேல் விழும். வாத்து வலமிருந்து இடமாக உன் முன்னால் குறுக்கே போய் இறங்கும். பொம்மைகளில் பெரும்பாதியை இடப்பக்கம், அதாவது காற்று வருகிற பக்கம், நெருக்கமாகப் போடு. உனக்கு நேர் முன்னால் வெறும் தண்ணீராக ஒரு வாசல் விடு, வலப்பக்கம் நாலைந்தை வால் மாதிரி சிதறவிடு. இறங்க வருகிற வாத்து வாசலுக்கு அப்பால் இருக்கிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டு வரும், பக்கவாட்டில் இருக்கிற உன்னை இல்லை. எத்தனை பொம்மை என்பதைவிட அதன் கண் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்.

(பழந்தமிழில் இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கிற பறவைக்கும் விலங்குக்கும் ‘பார்வை’ என்றே பெயர். யாரோ நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.)

மறைவைக் கட்டி முடித்ததும் ஒரு வேலை செய். நண்பரை உள்ளே உட்காரவைத்துவிட்டு நீ தண்ணீரில் இறங்கி வாசல் இருக்கிற இடத்தில் நின்று திரும்பிப் பார். முடிந்தால் கரையில் மேடான இடத்தில் ஏறியும் பார். வெட்டின நாணல் நிறம் மாறிப் போயிருக்கும், சுற்றிலும் நிற்கிற நாணலோடு ஒட்டாது. மேலிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு குழி தெரியும், அதுதான் அவை பார்ப்பது. மேலே பாதி மூடு. கரையில் நீங்கள் மிதித்த சேற்றுப் பாதை, காலித் தோட்டாவின் பித்தளை அடி, தேநீர்க் குடுவையின் பளபளப்பு, எல்லாம் உள்ளே போக வேண்டும்.

ஒரே ஆள் பார்த்தால் போதும், அதுவும் தொப்பி விளிம்புக்குக் கீழே கண்ணை மட்டும் உருட்டி. இன்னொருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கஷ்டம்தான், நாற்பது வருடமாக எனக்கே முழுதாகப் படியவில்லை.

ஒற்றைக்குழல்:

மறைவைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் இல்லை. நான் அந்த அடிபட்ட வாத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

எஃகு ரவைக்கு ஃபுல் சோக் போட்டிருக்கிறீர்கள். ஈயத்தைவிட எஃகு கடினம், குழலுக்குள் நசுங்காது, அதனால் சிதறாமல் நெருக்கமாகவே போகும். எஃகுக்கு மாடிஃபைடு சோக் (ஃபுல்லைவிடத் தளர்வானது) போட்டால் ஈயத்துக்கு ஃபுல் போட்ட மாதிரி அடிக்கும். ரவை பெரிதாக இருந்தால் இறுக்கமான சோக் குழலையே கெடுத்துவிடக்கூடும், சோக்கின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எஃகுத் தோட்டா போடுவதற்கு முன்னால் துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை மென்மையானது, பழைய குழல்களுக்கு அது தோது.

அப்புறம் எடை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகு 7.8 அளவுதான். சீக்கிரம் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் ஈயத்தில் 4ஆம் எண் போட்டவர்கள் எஃகில் 2ஆம் எண் போடுகிறார்கள் (எண் குறைந்தால் ரவை பெரிது), நீங்கள் எடுத்தது சரியான எண்தான். ஆனால் 60 மீட்டரில் சுட்டால் சாகாது, காயம்தான் படும். ‘ஈயமே போடலாமே’ என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால்: சேற்றில் கிடக்கிற ஈய ரவையை வாத்து கல் என்று நினைத்து விழுங்குகிறது, அது இரைப்பையில் அரைபட்டு நஞ்சாகிறது. சுடப்படாத வாத்துகளும் செத்தன. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை 1991லும் கனடாவில் 1999லும் நாடு முழுவதும் நிறுத்தினார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் நீர்நிலைப் பகுதிகளில் தடை.

பெரிய காகிதத்தை 35 மீட்டரில் கட்டி நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுடுங்கள். ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 75 சென்டிமீட்டர் வட்டம் போட்டு ஓட்டைகளைப் பாருங்கள். வாத்து அளவுக்கு வெற்றிடம் இருந்தால் அந்தத் தோட்டாவும் சோக்கும் சேரவில்லை. அரை நாள் வேலை, பாதிப் பேர் செய்வதில்லை.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தண்ணீருக்கு மேல் எல்லாம் பக்கமாகத் தெரியும். கடைசிப் பொம்மையைக் காலால் அளந்து 35 மீட்டரில் போடுங்கள். அதைத் தாண்டி இருந்தால் துப்பாக்கி தோளுக்கு ஏறக் கூடாது.

விழுந்த வாத்தைத் தேடும் விதம்: விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு மரமோ கம்போ குறித்துக்கொள்ளுங்கள், கண்ணை எடுக்காமல் ஒருவர் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்க இன்னொருவர் போக வேண்டும். தண்ணீரில் விழுந்து தலையைத் தூக்கினால் உடனே இரண்டாவது குண்டு, ஆனால் நாய் எங்கே என்று பார்த்த பிறகு. தண்ணீரில் பட்ட எஃகு ரவை தெறித்து எங்கு வேண்டுமானாலும் போகும். அது கைக்கு வருகிறவரை அடுத்த கூட்டம் தலையில் வந்து உட்கார்ந்தாலும் சுடாதீர்கள்.

விசில்காரன்:

போகத் தொடங்கினால் பலமாக ஊதுகிறேன் என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எளிய வழி: வால் தெரிந்தால் ஊது, அலகு தெரிந்தால் வாயை மூடு. உங்களைப் பார்த்து வருகிற வாத்துக்கு எதற்கு அழைப்பு? ஊதினால் சத்தம் வருகிற இடத்தைத்தான் உற்றுப் பார்க்கும், அங்கே நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்தக் குவாக் சத்தம் பெட்டை மல்லார்டுடையது. ஆண் மெதுவாகக் கரகரக்கும், அவ்வளவுதான். ஊசிவால் வாத்தும் கிளுவை ஆணும் விசில் மாதிரி கூப்பிடும். ஒரு விசிலை வைத்து மெல்ல ஊதிப் பாருங்கள், தப்பாக ஊதுவதே கஷ்டம்.

மின்பொம்மைக்கு நான் ஓட்டு போடுகிறேன், தூரத்திலேயே கண்ணில் படும்.

கோரைப்புல்:

பருவத் தொடக்கத்தில் படும், ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பருவம் போனபின் அந்த வெள்ளை மினுமினுப்பைப் பார்த்து வந்து எத்தனையோ முறை துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பியவை வருகின்றன, அதைக் கண்டாலே விலகும். சில இடங்களில் சட்டமே விடுவதில்லை. அதற்குப் பதில் நாலு பொம்மையைக் கயிற்றில் கோத்து ஒரு முனையை நங்கூரத்தில் ரப்பர் கயிற்றோடு கட்டி, மறுமுனையை மறைவிலிருந்து இழுத்து விடுங்கள். காற்றே இல்லாத நாளில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும்போது இந்த ஒரு சலசலப்புதான் பொம்மைக்கு உயிர் கொடுக்கும்.

விசில்காரன்:

சரி சரி, அணைத்துவைக்கிற பொத்தானும் அதில் இருக்கிறது ஐயா. கூட்டம் திரும்பினதும் அணைத்துவிடுவேன்.

ஈரமூக்கு:

நாயை யாருமே கேட்கவில்லையே? அது எங்கே உட்காருகிறது? மறைவுக்கு வெளியே என்றால் உங்கள் மூஞ்சியைவிட அதன் தலைதான் அதிகம் ஆடும். அதற்குத் தனியாக, பக்கவாட்டில், மேலே மூடின ஒரு கூடு கட்டுங்கள். தண்ணீர் பார்க்க ஒரு திறப்பு மட்டும் இருக்கட்டும்.

ஐயா தண்ணீரில் இறங்கிப் பார்க்கச் சொன்னதால் இதையும்: வேடர்ஸ் (மார்புவரை வரும் தண்ணீர் புகாத கால்சட்டை, வேடர்களுக்கென்றே பெயர் வைத்த மாதிரி) போட்டால் இடுப்பில் பட்டையை இறுக்குங்கள், விழுந்தால் தண்ணீர் உள்ளே பாய்வது குறையும். கையில் கோல் வைத்து ஆழம் பார்த்து நடங்கள், மிதவைச் சட்டை போடுங்கள். விழுந்து எழுந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள். சேறு அடைத்திருக்கும்போது சுட்டால் குழலே வெடிக்கும்.

சேற்றுக்கால் (ஐந்து நாள் கழித்து):

போய்வந்தேன். முதலில் காகிதம்: ஃபுல் சோக்கில் நடுவே ஒரே கொத்து, சுற்றிலும் வெறும் காகிதம். மாடிஃபைடில் பரவலாக, ஒழுங்காக விழுந்தது. நான்கு நாளாக என்ன சோக் என்றே யோசிக்காமல் சுட்டிருக்கிறேன்.

அப்புறம் தெற்குக் கரை. மறைவை முந்தின நாள் மாலையே கட்டி, தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தேன். நண்பர் உள்ளே கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார், முகம் நீலமாக விளக்கு மாதிரி எரிந்தது. ஒன்றும் சொல்லாமல் படம் எடுத்துக் காட்டினேன், கைபேசி பைக்குள் போனது.

காலையில் முதல் கூட்டம் ஐந்து கருவால் வாத்து. நான் தரையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நண்பர் ‘இப்போது’ என்றார். நிமிர்ந்தால் வாசலில் காலை நீட்டிக்கொண்டு இறங்குகின்றன, 25 மீட்டர் இருக்கும். ஆளுக்கு ஒன்று, இரண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன, நாய் கொண்டுவந்தது. ஊதலைத் தொடவே இல்லை. பிறகு கிளுவைகள் வந்தன, அவசரப்பட்டுச் சுட்டதில் ரவை அத்தனையும் அவற்றுக்குப் பின்னால் போனது. அது என் கை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஊசிவால் கூட்டம் ஒன்று ஆறேழு சுற்று சுற்றிவிட்டு உயரத்திலேயே போனது. இந்த முறை சுடவில்லை.

ஒரு புதுச் சந்தேகம். விடிந்த பிறகு பார்த்தால் பொம்மைகளின் முதுகில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஊசிவால் அதைப் பார்த்துத்தான் போயிருக்குமா?

கிழவாத்து:

இருக்கலாம். உயிருள்ள வாத்தின் முதுகு அப்படி வெளுத்து மின்னாது, வெயில் பட்டால் உன் பொம்மை எல்லாம் மின்னும். துடுப்பாலோ கோலாலோ தண்ணீரை அடித்து அதன் மேல் தெளி, கரைந்துவிடும். காற்று அசைந்து அலை வந்தால் தானாகவே போய்விடும். குளிர் அதிகமான நாளில் தெளித்த தண்ணீரே உறையும், அப்போது ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கவிழ்த்து எடுத்துத் துடைக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஊசிவால் பனி இல்லாவிட்டாலும் பாதி நாள் அப்படித்தான் செய்யும்.

சேற்றுக்கால்:

சரி ஐயா, நாளைக்குப் பழைய துண்டு ஒன்றை எடுத்துப் போகிறேன். துடைக்கிற வேலை நண்பருக்கு, கைபேசி கணக்குக்கு.