ஐயா தோப்பு விக்கிற விஷயம்: நம்ம வீட்டு குரூப்

வெள்ளிக்கிழமை ராத்திரி

முருகேசன் சித்தப்பா: எல்லாருக்கும் ஒரு சங்கதி. உச்சிப்புளி தோப்புக்கு பார்ட்டி வந்துருக்காக, கோயமுத்தூர்காரக. புரோக்கர்தான் கூட்டியாந்தாரு. 38 சென்ட்டும் சேத்து எடுத்துக்கிறாகளாம், சென்ட்டுக்கு 90 ஆயிரம் உங்க கைக்கு வந்துரும் அதுக்கு நான் பொறுப்புங்கிறாரு. கார்த்தி சிங்கப்பூர்ல கெடக்கான் மலரு மதுரையில இருக்கு ஆளுக்கொரு பக்கமா இருக்கோம், அதுனால எல்லாரும் அவரு பேருக்கே ஒரு பவர் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா கிரயத்தன்னைக்கு யாரும் அலைய வேணாம் எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேங்கிறாரு. என்ன சொல்றீக

மலர் அத்தை: 90 நல்ல வெலதானண்ணே. பக்கத்துத் தோப்பு 80க்குப் போச்சுன்னுல சொன்னாக

கார்த்தி: எனக்கு ஓகே சித்தப்பா. லீவு கெடைக்கிறது கஷ்டம், பவர்னா இங்கயே இந்தியன் ஹைகமிஷன்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிருவேன்

பவானி அக்கா: சித்தப்பா ஒரு நிமிஷம். கார்த்தி நீயும் பொறு. அவசரப்பட்டு யாரும் சரின்னு சொல்லிறாதீக

பவானி அக்கா: சித்தப்பா, அந்தாளு பார்ட்டிகிட்ட எவ்வளவு சொல்லிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா

முருகேசன் சித்தப்பா: அது எதுக்கு ஆத்தா நமக்கு. நம்ம கைக்கு 90 வந்தாச் சரி. மேல எதுனா வந்தா அவரு பாத்துக்கிறுவாரு, நம்மகிட்ட கமிஷன் கூட வேணாங்கிறாரு

லட்சுமி சின்னம்மா: நான் ஒன்னு சொல்லவா. அவுக தோப்பப் பாக்க வந்தப்ப நாந்தான் எளநி வெட்டிக் குடுத்தேன். அந்தப் பார்ட்டி வீட்டம்மா, "ஒன்னு பதினஞ்சு சொல்றீங்களே, கெணத்துத் தண்ணி எப்படி இருக்கும்"னு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்கங்குள்ள புரோக்கரு "தண்ணி தேன் மாதிரிம்மா, குடிக்கவே ஆகும்"னுட்டாரு. அந்தக் கெணறு உப்பா மாறி ரெண்டு வருசமாச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அப்பறமா என்கிட்ட தனியா வந்து, தண்ணியப் பத்தி எதுவும் பேசிராதீங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு

கார்த்தி: ஒன்னு பதினஞ்சா?? சென்ட்டுக்கு 1 லட்சத்து 15 ஆயிரம்னா 38 சென்ட்டுக்கு 43 லட்சத்து 70 ஆயிரம். நமக்கு 90னா 34 லட்சத்து 20 ஆயிரம். நடுவுல 9 லட்சத்து 50 ஆயிரம் போகுது

மலர் அத்தை: ஐயோ

பவானி அக்கா: கமிஷன் வேணாம்னு அவரு சொன்னது அதுக்குத்தான் சித்தப்பா. 34.20க்கு ரெண்டு பர்சென்ட் கேட்டிருந்தாக்கூட 68 ஆயிரத்து 400 தான். பத்திர ஆபீஸ்ல 14 வருசமா டைப் அடிக்கிறேன், மேல வச்சு விக்கிறதுங்கிறது எனக்குப் புதுசில்ல. ஆனா நம்ம வீட்டுக்கே வரும்போது மனசு பதறுது

பவானி அக்கா: மொதல்ல ஒன்னு கேளுங்க சித்தப்பா, அவரு யாரோட ஆளு? நம்ம ஆளா, பார்ட்டியோட ஆளா, இல்ல ரெண்டு பக்கமும் இல்லாம தனக்கே ஆளா? சும்மா ஆளக் கூட்டியாந்து காட்டிட்டு கமிஷன் வாங்கிட்டுப் போற புரோக்கர் வேற. நம்ம சார்பா நின்னு வெல பேசுறவரு வேற. நமக்காகப் பேசுறேன்னு ஏத்துக்கிட்டார்னா அவரு சட்டப்படி நம்ம ஏஜென்ட். 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னைக்கும் அதத்தான் சொல்லுது, நம்ம சொன்னபடி நடக்கணும், கணக்கு காட்டணும், சிக்கல் வந்தா நம்மகிட்ட கேட்டு முடிவெடுக்கணும், நமக்குத் தெரியாம அந்த யாவாரத்துல தனக்குன்னு லாபம் பாத்தா அது நமக்குச் சேர வேண்டியதுன்னு வருது. 215வது பிரிவுல ஒரு உதாரணமே இருக்கு: ஒருத்தர் தன் நெலத்த விக்கச் சொல்லி ஏஜென்ட்கிட்ட குடுக்குறாரு, ஏஜென்ட் வேற ஆளு பேருல தானே வாங்கிக்கிறான். உண்மைய மறைச்சான், இல்ல அந்த விற்பனையால நெலத்துக்காரருக்கு நட்டம்னு காட்ட முடிஞ்சா அவரு அந்தக் கிரயத்தையே ஏத்துக்கமாட்டேன்னு சொல்லலாம். 150 வருசத்துக்கு முன்னாடி எழுதுனது, அப்படியே நம்ம ஊருக்கு எழுதுன மாதிரி இருக்கு

கார்த்தி: ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அதுல புகார் பண்ண முடியாதாக்கா

பவானி அக்கா: அது 2016 சட்டம்டா. லேஅவுட், அபார்ட்மெண்ட் மாதிரி புராஜெக்ட்டுக்கு. 500 சதுர மீட்டருக்கு மேல இல்லாட்டி 8 வீட்டுக்கு மேல போட்டு விக்கிறவங்க பதிவு பண்ணணும், அதுல விக்கிற ஏஜென்ட்டும் பதிவு நம்பர் வச்சிருக்கணும். குடும்பத்துத் தோப்ப அப்படியே ஒருத்தருக்கு விக்கிறது அதுல வராது. நமக்கு அந்தப் பழைய சட்டமும் நம்ம கையில இருக்கிற பேப்பரும்தான்

சனிக்கிழமை

முருகேசன் சித்தப்பா: ராத்திரியெல்லாம் தூங்கல. அவரு நமக்குப் பழக்கமான ஆளு ஆத்தா. ஐயா சாவுக்கு மொத ஆளா வந்து நின்னாரு. முகத்துக்கு நேரா எப்படி கேக்குறது

பவானி அக்கா: பழக்கம் இருக்கட்டும் சித்தப்பா, நான் அவரக் கெட்டவருன்னு சொல்லல. எனக்கு நடந்தத சொல்றேன் இத்தன நாள் இந்த குரூப்புல சொன்னதில்ல. 2014ல எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷனுக்குப் பணம் வேணும்னு எங்க பிளாட்ட வித்தோம்ல, அப்ப பாத்த புரோக்கர்கிட்ட நான் மனசு விட்டுச் சொன்னேன், 26 லட்சம் சொல்லுங்கண்ணே ஆனா 22க்கு வந்தாலும் குடுத்துருவோம் அடுத்த மாசம் அட்மிட் பண்ணணும்னு. பார்ட்டி வந்து உக்காந்து மொத வார்த்தையே 22 தான். கூடவும் இல்ல கொறையவும் இல்ல. நாங்களும் சரின்னுட்டோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வராண்டாவுல பேரு கூப்புடுறதுக்காக உக்காந்திருக்கோம், வாங்குனவக வீட்டம்மா நல்ல மனுசி, என் கையப் புடிச்சு "உங்களுக்கு அவசரம்னு அண்ணன் சொன்னாரு, எங்ககிட்ட 25 இருந்துச்சு, கொறச்சே கேளுங்கன்னாரு"ன்னு வெள்ளந்தியாச் சொல்லுது. அந்தப் பெஞ்சுல ரெண்டு கையிலயும் மை ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், அந்த மை வெரல்ல இருந்து போக நாலு நாள் ஆச்சு. அவக பக்கமும் கமிஷன் வாங்கிருக்காரு எங்க பக்கமும் வாங்கிருக்காரு. நான் நம்பிச் சொன்னத அங்க போய் வித்துட்டாரு

மலர் அத்தை: இத ஏன்டி அப்பவே சொல்லல

பவானி அக்கா: எதச் சொல்றது அயித்தை, அப்ப அவரு உசுரோட வந்தாப் போதும்னு இருந்துச்சு

செந்தில் டெக்சாஸ்: மதினி இப்பதான் எல்லாம் படிச்சேன், இங்க காலையில. இங்க வீடு வாங்கும்போது நடந்தத சொல்றேன் உங்களுக்கு உதவலாம். மொத நாள் ஏஜென்ட் எங்கிட்ட குடுத்தது வீட்டோட படம் இல்ல, ஒரு பேப்பர். நான் உங்க ஆளுன்னா உங்களுக்கு என்ன கடமை, விக்கிறவங்க ஆளுன்னா என்ன, ரெண்டு பக்கமும் நின்னா என்னன்னு அதுல எழுதிருக்கும். டெக்சாஸ்ல ஏஜென்ட் அதக் குடுத்தே ஆகணும். ஒரே கம்பெனி ரெண்டு பக்கமும் நிக்கிறதுக்கு இங்க இன்டர்மீடியரின்னு பேரு, ரெண்டு பேரும் எழுதிக் குடுத்து சம்மதிச்சாத்தான் ஆகும். அப்பவும் விக்கிறவர் இதவிடக் கொறச்சு ஒத்துக்குவாருன்னோ வாங்குறவர் கூடக் குடுப்பாருன்னோ அவுக எழுதிக் குடுக்காம அடுத்த பக்கத்துக்குச் சொல்லக் கூடாது. மதினிக்கு நடந்தது இங்க நடந்திருந்தா அந்தாளு லைசென்ஸுக்கே வேட்டு

செந்தில் டெக்சாஸ்: இன்னொன்னு மாமா. உங்க கைக்கு இவ்வளவு மீதி எனக்குங்கிறத இங்க நெட் லிஸ்டிங்ன்னு சொல்வாங்க. ஓனரே அப்படி வேணும்னு கேக்கணும், அவருக்கு மார்க்கெட் வெலயும் தெரிஞ்சிருக்கணும், அப்பதான் ஏஜென்ட் அத எடுக்கலாம். ஏன்னா ஓனருக்கு வெல தெரியாம இருக்கிறதுலதான் அவனுக்கு லாபம்

முருகேசன் சித்தப்பா: மாப்ள அங்க சட்டம் இருக்கு கேக்குறாக. இங்க எவன் பேப்பர் குடுப்பான்

பவானி அக்கா: அவரு குடுக்கமாட்டாரு சித்தப்பா, நம்ம குடுப்போம். ஒரு வெள்ளத்தாள்ல நாலு வரி. அவரு ஒழைப்புக்கு நம்ம பக்கம் ரெண்டு பர்சென்ட் தாராளமாக் குடுப்போம், வெயில்ல அலையுறாரு, ஆள் கொண்டாராரு, அது ஞாயமான கூலி. ஆனா பார்ட்டி என்ன வெல சொன்னாலும் அப்படியே நம்மகிட்ட வந்து சொல்லணும், அவுகட்ட தனியா வாங்குறதா இருந்தா எவ்வளவுன்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரியணும், வாங்குறது அவரு சொந்தக்காரங்களா இருந்தா மொதல்லயே சொல்லணும், அட்வான்ஸ் அவரு கையில நிக்கக் கூடாது நம்ம பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரணும், ரெண்டு மாசத்துல முடியலன்னா இந்தப் பேச்சு முடிஞ்சது. இவ்வளவுதான்

பவானி அக்கா: பவர் மட்டும் அவருக்கு வேணவே வேணாம் நான் கும்புட்டுக் கேட்டுக்கிறேன். புரோக்கருங்கிறது பேசத்தான், பவர் ஏஜென்ட்டுன்னா நமக்குப் பதிலா கையெழுத்துப் போடுறவரு, அவரு போட்டா நீங்க போட்ட மாதிரி. விக்கிறதுக்கான பவர ரிஜிஸ்டர் பண்ணிட்டம்னா நாளைக்கு என்ன வெலக்கு யாருக்கு எழுதிக் குடுத்தாலும் ரத்து பண்றதுக்கு முன்னாடி எழுதுனது நம்மளக் கட்டும், அப்பறம் கோர்ட்டு கோர்ட்டா நாமதான் அலையணும். நம்பிக் குடுக்குறதுன்னா கார்த்தி உங்க பேருக்குக் குடுக்கட்டும் சித்தப்பா. அயித்தை மதுரையில இருந்து ஒரு நாள் வரமுடியாதா, நானும் அம்மாவும் ராமநாதபுரத்துலதான இருக்கோம்

மலர் அத்தை: வந்துருவேன் பவானி. ஐயா வச்ச தென்னைய ஒரு தடவை பாத்துட்டும் போகணும்

கார்த்தி: அப்ப சித்தப்பா பேருக்குப் பவர். நான் என்ன பண்ணணும்கா

பவானி அக்கா: நான் டிராஃப்ட் அனுப்புறேன். ஹைகமிஷன் ஆபீசர் முன்னாடி கையெழுத்துப் போட்டு சீல் வாங்கி ஒரிஜினல கொரியர்ல அனுப்பு. இங்க வந்து சேந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், அத நான் பாத்துக்கிறேன். இந்தத் தோப்புக்கு மட்டும்னு சர்வே நம்பரப் போட்டுத்தான் எழுதுவேன், பொதுப் பவர் கெடையாது

லட்சுமி சின்னம்மா: பவானி, அந்தத் தண்ணி விஷயம்? எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு

பவானி அக்கா: அதுதான் சின்னம்மா எனக்கும் பெரிய பயம். நம்ம ஏஜென்ட்டா நின்னு அவரு சொல்ற பொய் நம்ம சொன்ன பொய்யாத்தான் போகும், அதே சட்டத்துல 238ல இருக்கு. தேன் மாதிரி தண்ணின்னு நம்பி வாங்கிட்டு நாளைக்கு மொத வாளி எறைச்சதும் உப்பு கரிச்சா அவுக வக்கீல் நோட்டீஸ் புரோக்கருக்கு மட்டும் வராது, சித்தப்பாவுக்கும் மலர் அயித்தைக்கும் வரும். அது போக சொத்து மாற்றுச் சட்டத்துல, பாத்தாத் தெரியாத கொற எதுவும் இருந்தா விக்கிறவரே சொல்லணும்னும் இருக்கு. சட்டத்த விடுங்க, உப்புத் தண்ணிய மறைச்சு ஒரு குடும்பத்துக்கு வித்தோம்னா ஐயா மொகத்துல எப்படி முழிக்கிறது

பவானி அக்கா: அவுக காட்டேஜ் கட்டுற யோசனையில இருந்தாகன்னா அதையும் சொல்லிருங்க. அலை ஏறி வர்ற எல்லையில இருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், நம்ம தோப்பு 300 கூட வராது. அனுமதி இல்லாம ஒரு செவுரு கூட எழுப்ப முடியாதுன்னு தெரிஞ்சு வாங்கட்டும்

முருகேசன் சித்தப்பா: இதெல்லாம் சொன்னா பார்ட்டி ஓடிரும் ஆத்தா

பவானி அக்கா: ஓடுனா ஓடட்டும் சித்தப்பா. வேற ஆளு வரும், தோப்பு எங்கயும் போகாது

ஞாயித்துக்கிழமை சாயந்தரம்

முருகேசன் சித்தப்பா: புரோக்கர வீட்டுக்குக் கூப்புட்டுப் பேசுனேன். பவானி எழுதிக் குடுத்த தாள வச்சேன். மூணு தரம் படிச்சாரு. மொகம் கறுத்துப் போச்சு. இத்தன வருசப் பழக்கத்துல தாள் கேக்குறீங்களான்னாரு. நான் சொன்னேன், பழக்கம் கெட்டுறக் கூடாதுன்னுதான் கேக்குறேன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்பறமா பார்ட்டிகிட்ட ஒன்னு பதினஞ்சு சொன்னேன் அவுக ஒன்னு அஞ்சு வரைக்கும் வந்துருக்காகன்னு அவரே சொன்னாரு. ரெண்டு மாசத்த மூணு மாசமாக்கச் சொன்னாரு, சரின்னேன். கையெழுத்துப் போட்டுட்டாரு

கார்த்தி: ஒன்னு அஞ்சுனாலே 39 லட்சத்து 90 ஆயிரம் சித்தப்பா!! ரெண்டு பர்சென்ட் 79 ஆயிரத்து 800 குடுத்தாலும் நமக்கு 39 லட்சத்துக்கு மேல நிக்கும்

முருகேசன் சித்தப்பா: அவுக நாளைக்கு ராமேஸ்வரம் போயிட்டு திரும்பும்போது நேரா வீட்டுக்கு வர்றாக. இந்தத் தடவை பேச்சு நானும் அவுகளும்தான், புரோக்கரு கூட இருப்பாரு

லட்சுமி சின்னம்மா: கெணத்துத் தண்ணிய ஒரு செம்புல மோந்து வச்சுட்டேன். வந்ததும் மொதல்ல அதத்தான் குடுப்பேன், அப்பறம் எளநி

திங்கக்கிழமை

முருகேசன் சித்தப்பா: வந்துட்டுப் போனாக. அந்த வீட்டம்மா ஒரு மடக்கு குடிச்சுட்டு லட்சுமியப் பாத்து, நல்ல வேளை சொன்னீங்கன்னுச்சு. காட்டேஜுக்கு அனுமதி கெடைக்குமான்னு விசாரிச்சுட்டு வர்றோம், கெடைக்கலன்னாலும் தென்னைக்காக எடுப்போம் ஆனா தண்ணிக்கு வெலயில பாத்துப் பண்ணுங்கன்னாக. ஒன்னுல நிக்கிறாக

மலர் அத்தை: ஒரு லட்சம்னா 38 லட்சம்ண்ணே. உப்புத் தண்ணின்னு சொல்லியும் குடுக்குறாக. குடுத்துருவோம்

பவானி அக்கா: எனக்கும் சம்மதம். அம்மாவும் சரின்னுட்டாக. கார்த்தி, பாஸ்போர்ட் காப்பி அனுப்பு, பட்டாவுல உன் பேரு ஒரு எழுத்து மாறிருக்கு, பவர் எழுதுறதுக்கு முன்னாடி அதச் சரி பண்ணணும்