புதுப்பிப்பு: புளியரை இறக்கத்துல 'பட் பட்' வெடி, சரியாயிட்டு

போன வாரம் புலம்பியிருந்தேன்லா, ஆரியங்காவுல இருந்து புளியரைக்கு இறங்கையில ஆக்சிலேட்டரை விட்டாலே சைலன்சர் வெடிக்குதுன்னு. பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்லதான் கோளாறுன்னு பதில் சொன்னவங்க மன்னிக்கணும், அது இல்ல. காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ண உடனே, சூடேறும் முன்ன, சைலன்சர் பைப்பு இன்ஜின் ஹெட்டுல (இன்ஜினோட மேல்பாகம்) சேர்ற இடத்துல சோப்புத் தண்ணி தெளிச்சேன். ஒரே நுரை, அங்கதான் கசிவு! பக்கத்துல விரல் அகலத்துக்குக் கரி. அந்த வழியா வெளிக்காத்து உள்ள போய், எரியாத பெட்ரோல் சூடான பைப்புல பத்திக்குது.

துருப்பிடிச்ச நட்டு ரெண்டும் ராத்திரி முழுக்க எண்ணெயில ஊறுனதால முறியாம கழண்டுச்சு. இடுக்கை அடைக்கிற கேஸ்கட் வளையம் அப்பளமா நசுங்கிக் கிடந்துச்சு. புதுசு போட்டு, நட்டுகளை மாத்தி மாத்தி முறுக்கினேன். ஒரு பக்கமே இறுக்கினா வளையம் சாய்ஞ்சிரும்.

நேத்து மலை ஏறி இறங்கினேன். எஸ் வளைவுல குரங்குகூட திரும்பிப் பார்க்கல. வண்டி ஆறினப்புறம் நட்டு இன்னும் கால் சுத்து வாங்குச்சு.